குகைக்குள் ஏன் வரைந்தார்கள்? ஒரே காரணம் தேடினால் கிடைக்காது

கேள்வி இது: கற்கால மனிதர்கள் குகைச் சுவர்களில் மிருகங்களை ஏன் வரைந்தார்கள்? வேட்டை நன்றாக அமைய வேண்டும் என்ற மந்திரமா, ஏதாவது வழிபாடா, இல்லை சும்மா பொழுது போகாமல் கிறுக்கியதா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேட்டை மந்திரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை ஓரமாக வைத்துவிடலாம், அது பெரும்பாலான குகைகளுக்குப் பொருந்தவில்லை. பொழுதுபோக்கு என்பதும் நிற்காது. மிச்சமிருக்கும் விளக்கங்களில் எனக்கு மிகவும் ஏற்புடையது, பாறைச் சுவரையே அவர்கள் ஏதோ உயிருள்ள ஒன்றாக நடத்தினார்கள் என்பதும், வரைந்து முடித்த படத்தைவிட உள்ளே போய் வரைகிற செயல்தான் பல இடங்களில் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது என்பதும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகப் போக வேண்டியிருக்கிறது.

ஒரு தவறான எண்ணத்தை முதலில் களைந்துவிடுவோம். குகை மனிதன் என்றதும் குகைக்குள் குடியிருந்து, மாலையில் அடுப்பு பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் வரைந்தான் என்றுதான் மனதில் வரும். ஐரோப்பாவின் பனிக்கால மக்கள் குடியிருந்தது குகை வாயில்களிலும், பாறை நிழல்களிலும் (பாறை துருத்தி நின்று கூரையாகும் இடங்கள்), வெட்டவெளிக் கூடாரங்களிலும். ஓவியங்களில் பல இருப்பதோ பகல் வெளிச்சம் எட்டவே எட்டாத ஆழத்தில். தெற்கு பிரான்சில் நியோ என்ற குகையில், 'கருப்புக் கூடம்' என்று பெயர் பெற்ற ஓவிய அறைக்குப் போக வாயிலிலிருந்து சுமார் 800 மீட்டர் இருட்டுக்குள் நடக்க வேண்டும். அங்கே யாரும் சமைத்துச் சாப்பிட்டு வாழவில்லை. வரைவதற்காகவே, அல்லது வரைதல் ஒரு பகுதியாக இருந்த வேறு ஏதோ ஒரு காரியத்துக்காகவே, தீப்பந்தத்தோடு மெனக்கெட்டுப் போயிருக்கிறார்கள்.

வெளிச்சத்துக்கு என்ன செய்தார்கள் என்பதும் நன்றாகவே தெரியும். பிரான்சின் லாஸ்கோ குகையில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட விளக்குகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை லேசாகக் குழிந்த சாதாரணக் கல், அதில் விலங்குக் கொழுப்பை வைத்துத் திரி போட்டால் முடிந்தது. ஆனால் ஒன்று மட்டும் சிவப்பு மணற்கல்லில் வழவழப்பாக இழைத்து, நீளமான கைப்பிடி வைத்து, பிடியின் மேல் கோடுகள் செதுக்கிய அருமையான வேலைப்பாடு. அதில் எரிந்த திரி ஜூனிபர் செடியினுடையது. அதே குகையில் கயிற்றுத் துண்டின் தடமும், உயரமான சுவரை எட்டுவதற்குப் பரண் கட்டியதற்கான அடையாளங்களும் இருக்கின்றன. பரண் கட்டி, கயிறு திரித்து, விளக்குக்குக் கொழுப்பு சேர்த்து, சாயக்கல்லை அரைத்து எடுத்துப்போய் வரைந்ததைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காலக்கணக்கையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் 'ஏன்' என்ற கேள்வியின் பாதிச் சிக்கல் அதில்தான் இருக்கிறது. பிரான்சின் ஷோவே குகையில் பழைய ஓவியங்களுக்குச் சுமார் 36,000 ஆண்டு வயது. லாஸ்கோ அதைவிட ஏறத்தாழ 15,000 ஆண்டுகளோ அதற்கு மேலோ பிந்தியது. அதாவது ஷோவேயில் வரைந்தவர்களுக்கும் லாஸ்கோவில் வரைந்தவர்களுக்கும் நடுவே ஓடிய காலம், லாஸ்கோவுக்கும் நமக்கும் நடுவே ஓடிய காலத்துக்குக் கிட்டத்தட்ட சமம். அப்புறம் இது ஐரோப்பியச் சங்கதி மட்டும் இல்லை. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், லியாங் கரம்புவாங் என்ற குகையில் ஒரு காட்டுப்பன்றியும் அதைச் சுற்றி மனிதர் போன்ற மூன்று உருவங்களும் இருக்கின்றன. அதன் வயது குறைந்தது 51,200 ஆண்டுகள் என்று 2024இல் ஆய்வு வெளியானது. தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் கிடைத்த ஒரு சிறு கல்துண்டில் செங்காவியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இழுத்திருக்கிறார்கள், அதற்கு 73,000 ஆண்டு. இத்தனை கண்டங்களில், இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் வாழ்ந்த அத்தனை பேரும் ஒரே காரணத்துக்காகத்தான் வரைந்தார்கள் என்று எவராவது அடித்துச் சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

இந்த வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றும் கேட்பார்கள். கரியால் வரைந்ததென்றால் அந்தக் கரியையே ரேடியோ கார்பன் முறையில் சோதிக்கலாம், ஷோவேயில் அப்படித்தான். செங்காவி என்பது இரும்பு ஆக்சைடு, அதில் சோதிக்கக் கார்பனே இல்லை. அங்கே ஓவியத்தின் மேல் நீர் கசிந்து படிந்த சுண்ணப் படலத்தைச் சுரண்டியெடுத்து, அதிலுள்ள யுரேனியம் எவ்வளவு தோரியமாக மாறியிருக்கிறது என்று அளக்கிறார்கள். படலம் ஓவியத்துக்குப் பிறகு வந்தது என்பதால் கிடைக்கும் எண் ஓவியத்தின் குறைந்தபட்ச வயது மட்டுமே. சுலவேசி எண்ணுக்கு முன்னால் 'குறைந்தது' என்று வருவது அதனால்தான்.

நம்பாமல் போன கதையும் ஒன்று உண்டு. ஸ்பெயினின் அல்தாமிரா குகையில் 1879இல் சௌத்துவோலா என்பவர் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, கூட வந்த அவருடைய எட்டு வயது மகள் மரியாதான் நிமிர்ந்து கூரையில் காட்டெருமைகளைப் பார்த்தாள். அவர் அடுத்த ஆண்டே எழுதி வெளியிட்டார். அன்றைய நிபுணர்கள், குறிப்பாகப் பிரெஞ்சுக்காரர்கள், காட்டுமிராண்டிகளுக்கு இவ்வளவு கைத்திறன் எங்கிருந்து வரும், இது போலி என்று ஒதுக்கினார்கள். சௌத்துவோலா 1888இல் இறந்துபோனார். எதிர்த்தவர்களில் முக்கியமான எமில் கார்த்தாயாக் தவறை ஒப்புக்கொண்டு எழுதியது 1902இல். நியோ குகையில் இன்னும் வேடிக்கை: ஓவியங்கள் இருக்கும் அதே சுவரில் 1660 என்று ஆண்டு போட்டு ஒருவர் தன் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். படங்களைப் பார்க்காமல் இருந்திருக்கவே முடியாது, ஆனால் அவை எவ்வளவு பழையவை என்று அவருக்குத் தோன்ற வழியில்லை.

சரி, காரணங்களுக்கு வருவோம்.

வேட்டை மந்திரக் கொள்கையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சலோமோன் ரெய்னாக் முன்வைத்தார், ஆபே புருய் என்ற பாதிரியார் பிரபலமாக்கினார். மிருகத்தின் படத்தை வரைந்து அதில் ஈட்டியையும் வரைந்தால் நிஜ மிருகம் சிக்கும் என்ற நம்பிக்கை என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே குகைகளிலும் பக்கத்திலும் கிடைத்த எலும்புகளை எண்ணியபோது கதை கந்தலாகிவிட்டது. லாஸ்கோக்காரர்கள் தின்று போட்ட எலும்புகளில் மிகப்பெரும்பான்மை பனிமானுடையவை (ரெய்ண்டீர்). சுவரில் இருக்கும் நூற்றுக்கணக்கான மிருகங்களிலோ பனிமான் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான், மற்றபடி குதிரை, காட்டுமாடு, மான், காட்டெருமை. ஷோவேயில் இன்னும் மோசம்: சிங்கம், மாமத் யானை, காண்டாமிருகம், குகைக்கரடி என்று சாப்பாட்டுக்காக அரிதாகவே தேடிப் போன மிருகங்கள்தான் பாதிக்கு மேல். ஈட்டியோ காயமோ காட்டப்பட்ட மிருகங்களும் மொத்தத்தில் சிறுபான்மையே. நியோவில் காட்டெருமைகளின் விலாவில் அம்பு போன்ற குறிகள் இருப்பது உண்மைதான், ஆகவே சில இடங்களில் வேட்டையோடு தொடர்பு இருந்திருக்கலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும். மொத்தக் குகை ஓவியத்துக்கும் அந்தச் சாவி பொருந்தாது.

அழகுக்காக வரைந்தார்கள், கலை கலைக்காகவே என்பது அதற்கும் முந்தைய கருத்து. இதை முழுசாகத் தள்ள வேண்டியதில்லை. ஷோவேயின் குதிரைகள் இருக்கும் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். வரைவதற்கு முன் சுவரைச் சுரண்டி, அடியில் இருக்கும் வெள்ளைப் பரப்பை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். பைன் மரக் கரியால் கோடு போட்டு, அதைக் கையால் தேய்த்துப் பரப்பித் தாடைக்கும் கழுத்துக்கும் நிழல் கொடுத்திருக்கிறார்கள், பிறகு உருவத்தின் ஓரத்தை மறுபடி கீறி எடுப்பாக்கியிருக்கிறார்கள். சிங்கங்களில் பிடரி மயிரே கிடையாது, ஆனால் விதைப்பை தெளிவாக வரையப்பட்டிருப்பதால் அவை ஆண் என்று தெரிகிறது. பனிக்காலக் குகைச் சிங்கத்துக்குப் பிடரி இல்லை என்பதை நமக்குச் சொல்லும் முக்கியச் சாட்சி இந்தப் படங்கள்தான். ஒரு காட்டெருமைக்கு எட்டுக் கால்கள், ஓடுகிற ஓட்டத்தைக் காட்டுவதற்காக என்று படிக்கிறார்கள். இப்படி வரைந்த கைக்கு அழகுணர்ச்சி இல்லை என்று யார் சொல்வார்? ஆனால் அழகுக்காக மட்டும் என்றால் ஒருவர் மட்டும் ஊர்ந்து நுழையக்கூடிய பொந்தில் ஏன் வரைய வேண்டும், ஒரு படத்தின் மேலேயே இன்னொன்றை, அதன் மேல் இன்னொன்றை ஏன் போட வேண்டும், பக்கத்தில் நல்ல வெற்றுச் சுவர் சும்மா கிடக்கும்போது?

குகைக் குதிரைகள் பார்த்து வரைந்தவையா, கற்பனையா என்ற வாதமும் நடந்தது. பிரான்சின் பெஷ் மெர்ல் குகையில் உடம்பெல்லாம் கரும்புள்ளி போட்ட இரண்டு குதிரைகள் உண்டு. புள்ளிகள் ஏதோ குறியீடு, அப்படிக் குதிரை கிடையாது என்று பலர் எழுதினார்கள். 2011இல் பழங்காலக் குதிரை எலும்புகளின் மரபணுவைச் சோதித்தபோது புள்ளிக் குதிரைகள் அந்தக் காலத்தில் உண்மையாகவே இருந்தது தெரிந்தது. ஆனாலும் விஷயம் முடியவில்லை, ஏனென்றால் புள்ளிகள் குதிரையின் உடம்போடு நிற்காமல் வெளியேயும் பரவியிருக்கின்றன. மிஷேல் லோர்பிளான்ஷே என்ற ஆய்வாளர், சாயத்தை வாயில் மென்று எச்சிலோடு சுவரில் ஊதித் தெளித்து இந்தப் படத்தை இன்னொரு குகையில் அப்படியே திரும்ப வரைந்து காட்டினார். வேலை சுமார் 32 மணி நேரம்தான் பிடித்தது. மூச்சால் வரைவது என்பதே அந்த மக்களுக்குப் பெரிய பொருளுடையதாக இருந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. செய்து பார்த்தவர் சொல்வதால் நான் அதற்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன்.

1960களில் லெரோய்-குரான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், எல்லாக் குகைகளிலும் மிருகங்கள் ஒரு ஒழுங்கில் அமைந்திருக்கின்றன, குதிரையும் காட்டெருமையும் ஆண் பெண் என்ற ஜோடி என்று ஒரு முழு அமைப்பையே கட்டினார். அந்த அமைப்பு பிறகு கண்டுபிடித்த குகைகளில் நிற்கவில்லை. ஆனால் படங்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் எந்த மிருகம் எங்கே, எதன் பக்கத்தில் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை அவர்தான் ஊன்றினார்.

இப்போது அதிகம் பேசப்படுவது ஷாமன் கொள்கை, அதாவது ஷாமன் எனப்படும், ஆவி உலகோடு தொடர்பு கொள்ளும் பூசாரிகள் அருள் வந்த நிலையில், மயக்க நிலையில் கண்டவற்றை வரைந்தார்கள் என்பது. இதற்கு வேர் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. அங்கே சான் என்ற பழங்குடி மக்களின் பாறை ஓவியங்கள் ஏராளம், அவர்களிடம் 1870களில் வில்ஹெல்ம் பிளீக்கும் லூசி லாய்டும் கதைகளையும் நம்பிக்கைகளையும் கேட்டுப் பல ஆயிரம் பக்கம் எழுதி வைத்தார்கள். ஆகவே ஓவியத்தையும் வரைந்த மரபின் வாய்ச்சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்த அபூர்வ இடம் அது. டிராகென்ஸ்பெர்க் மலையில் ஒரு பாறையில், ஈலாண்ட் என்ற பெரிய மான் செத்துக்கொண்டிருக்கிறது: தலை தாழ்ந்து, பின்னங்கால்கள் பின்னிக்கொண்டு. அதன் வாலைப் பிடித்தபடி ஒரு மனிதன், அவனுடைய கால்களும் அதே மாதிரி பின்னியிருக்கின்றன, பாதம் இருக்க வேண்டிய இடத்தில் குளம்பு. டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் இதைப் படித்த விதம்: ஷாமன் ஒருவன் நடனத்தில் மயங்கி விழுவதும் மான் சாவதும் அவர்களுக்கு ஒன்றுதான், அவன் அந்த மானின் வலிமையை எடுத்துக்கொள்கிறான். சான் ஓவியத்துக்கு இந்த விளக்கம் பிரமாதமாகப் பொருந்துகிறது.

அவரும் பிரெஞ்சு ஆய்வாளர் ழான் கிளோத்தும் சேர்ந்து 1996இல் இதையே ஐரோப்பியக் குகைகளுக்கும் நீட்டினார்கள். புள்ளி, வலை, வளைநெளிக்கோடு எல்லாம் மயக்கத்தின் முதற்கட்டத்தில் எந்த மனிதனுக்கும் கண்ணுக்குள் தெரிபவை, அதனால்தான் மிருகங்களோடு அவையும் சுவரில் இருக்கின்றன என்றார்கள். இங்கேதான் எனக்கு இடிக்கிறது. புள்ளியும் கட்டமும் போட மயங்க வேண்டிய அவசியமில்லை, கையில் கரி கிடைத்த எந்தக் குழந்தையும் போடும். தென்னாப்பிரிக்காவில் சாட்சி சொல்ல ஆள் இருந்தார்கள், லாஸ்கோவுக்கு யார் இருக்கிறார்கள்?

ஆனால் அதே கொள்கையின் ஒரு துண்டை நான் விட மாட்டேன்: சுவர் என்பது ஒரு திரை, அதற்கு அந்தப் பக்கம் வேறு உலகம் இருக்கிறது என்பது. இதற்கு மயக்கம் கியக்கம் எதுவும் தேவைப்படாத நேரடித் தடயங்கள் இருக்கின்றன. அல்தாமிராவின் கூரையில் இயற்கையாகவே புடைத்து நிற்கும் பாறை முண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு காட்டெருமையின் உடம்பாகிவிட்டது. பெஷ் மெர்லில் வலப்பக்கக் குதிரையின் தலை இருக்கும் இடத்தில் பாறையின் விளிம்பே குதிரைத் தலை வடிவில் இருக்கிறது. ஸ்பெயினின் எல் காஸ்தியோவில் ஒரு சுண்ணத்தூண், சாய்வாக விளக்குப் பிடித்தால் எழுந்து நிற்கும் காட்டெருமையாகத் தெரியும்படி, கொஞ்சமே கொஞ்சம் கோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. அசைகிற கொழுப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவிப் போனவர், மிருகம் ஏற்கெனவே பாறைக்குள் இருப்பதைக் கண்டுபிடித்து, அதற்குக் கண்ணும் கொம்பும் மட்டும் போட்டு வெளியே அழைத்துவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. பிரான்சின் பிரனே மலைச்சாரலில் ஆன்லேன் என்ற குகையில் சுவரின் வெடிப்புகளுக்குள் எலும்புச் சில்லுகளைச் செருகி வைத்திருக்கிறார்கள், பல எலும்புகள், பல இடங்களில். அது ஓவியமே இல்லை. ஆனால் சுவரோடு ஏதோ கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பதற்கு எந்த ஓவியத்தைவிடவும் எனக்கு அதுதான் பெரிய சாட்சி.

பார்வையாளருக்காக வரையவில்லை என்பதற்கு இன்னொன்று, பிரான்சின் ரூஃபினியாக் குகையின் பெரிய கூரை. மாமத்துகளும் குதிரைகளும் மலையாடுகளுமாக நிறைந்திருக்கிறது. இன்று கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம், ஆனால் அதற்காகத் தரையைத் தோண்டித் தாழ்த்தியிருக்கிறார்கள். வரைந்த காலத்தில் கூரைக்கும் தரைக்கும் நடுவே சுமார் ஒரு மீட்டர்தான். மல்லாந்து படுத்து வரைந்தவருக்கே தன் படம் முழுசாகத் தெரிந்திருக்காது.

கைத்தடங்களையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சுவரில் கையை ஒட்டி வைத்து மேலே சாயம் ஊதினால் கையின் வெற்று உருவம் நிற்கும். பிரான்ஸ், ஸ்பெயின், சுலவேசி, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா என்று ஒன்றையொன்று அறியாத மக்கள் எல்லாரும் இதைச் செய்திருக்கிறார்கள். சாயம் பட்ட அந்தக் கணத்தில் கையும் சுவரும் ஒரே நிறமாகி, கை பாறைக்குள் போய்விட்டது போல இருக்கும். பிரான்சின் கார்காஸ் குகையில் இருநூறுக்கு மேல் இப்படிக் கைகள், அவற்றில் பலவற்றில் விரல் நுனிகள் இல்லை. பனியில் கருகி விழுந்ததா, வெட்டிக்கொண்டார்களா, இல்லை சைகைக்காக மடக்கி வைத்தார்களா என்று நூறு வருஷமாகச் சண்டை. கட்டை விரல் மட்டும் எப்போதும் முழுசாக இருப்பதால் மடக்கியதாகத்தான் இருக்கும் என்பது என் பக்கம். ஷோவேயில் உள்ளங்கையில் செங்காவி பூசிச் சுவரில் அப்பியவர்களில் ஒருவருக்குச் சுண்டு விரல் சற்று வளைந்திருக்கிறது, அதே வளைந்த விரலை வைத்துக் குகையின் வேறொரு இடத்திலும் அவரை அடையாளம் காண முடிகிறது.

எல்லாரும் ஆண்கள், எல்லாரும் வேட்டைக்காரர்கள் என்ற படமும் கலைந்துகொண்டிருக்கிறது. டீன் ஸ்னோ என்ற ஆய்வாளர் 2013இல் ஐரோப்பியக் கைத்தடங்களின் விரல் அளவுகளை வைத்து முக்கால்வாசி பெண்களுடையவை என்றார். எண்ணிக்கை சிறியது, வாதம் இருக்கிறது, இருந்தாலும் பெண்கள் இருந்தார்கள் என்பதில் சந்தேகம் வேண்டாம். குழந்தைகள் இருந்ததற்கு ரூஃபினியாக்கே சாட்சி: மென்மையான கூரையில் விரலால் இழுத்த கோடுகளில் சில இரண்டு மூன்று வயதுக் கைகளுடையவை, கோடுகள் இருக்கும் உயரத்துக்குப் பெரியவர் யாரோ தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். புனிதமான ரகசியச் சடங்கு என்றால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்களா என்று கேட்கலாம். போகலாம், சடங்கு என்றாலே எல்லாரும் முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்பது என்று யார் சொன்னது?

புதிதாக வரும் கொள்கைகளைச் சுருக்கமாகவே தாண்டுகிறேன். குரல் நன்றாக எதிரொலிக்கும் இடங்களில்தான் ஓவியம் அதிகம் என்று ரெஸ்னிகோஃப் என்ற ஆய்வாளர் 1980களில் பாடிப் பார்த்துச் சொன்னார். அழகான யோசனை, நியோவின் கருப்புக் கூடத்தில் எதிரொலி அபாரம்தான், ஆனால் பெரிய அறைகளில் எதிரொலியும் அதிகம், வரைய இடமும் அதிகம். தீப்பந்தத்தால் ஆக்சிஜன் குறைந்து மயங்கினார்கள் என்று 2021இல் வந்தது, காற்றோட்டமான பெரிய குகைகளிலும் ஓவியம் இருப்பதை அது சரியாக விளக்கவில்லை. மிருகங்களின் பக்கத்திலுள்ள புள்ளிகளும் குறிகளும் அவை இணை சேரும், குட்டி போடும் மாதங்களைக் குறிக்கும் நாட்காட்டி என்று 2023இல் ஒரு கட்டுரை, துறைக்காரர்கள் பலர் ஏற்கவில்லை, நானும்தான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது: குகைக்குள் இருப்பது மட்டுமே வரைந்தது என்று எண்ணிவிடக் கூடாது, அது அழியாமல் மிஞ்சியது. போர்ச்சுகலின் கோவா பள்ளத்தாக்கில் வெட்டவெளிப் பாறைகளில் ஆயிரக்கணக்கான பனிக்காலச் செதுக்கல்கள் கிடைத்தன, அணை கட்டி மூழ்கடிக்க இருந்த இடத்தை 1990களில் போராடிக் காப்பாற்றினார்கள். மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்காவில் 1957இல் ஆய்வாளர் வாகன்கர் கண்டவை பகல் வெளிச்சம் படும் பாறை நிழல்கள், அங்கே ஆட்டமும் கூட்டமுமாக மனிதர்கள் நிறைய, ஐரோப்பியக் குகைகளில் மனித உருவமே அபூர்வம். தோலில், மரப்பட்டையில், உடம்பில் வரைந்தவை எல்லாம் போய்விட்டன. ஆகவே இருட்டில் வரைந்ததற்குச் சொல்லும் காரணம் வெளிச்சத்தில் வரைந்ததற்குப் பொருந்த வேண்டும் என்றில்லை.

நேரில் பார்க்க ஆசை இருந்தால்: லாஸ்கோவைக் கேட்காதீர்கள், பார்வையாளர்களின் மூச்சுக்காற்றால் சுவரில் பாசியும் படலமும் பிடித்து 1963இலேயே மூடிவிட்டார்கள், பக்கத்தில் கட்டிய நகல்தான் பார்க்கலாம். ஷோவே 1994இல் கண்டுபிடித்ததிலிருந்து பொதுமக்களுக்குத் திறக்கப்படவே இல்லை, அதற்கும் 2015இல் நகல் வந்தது. நகல்கள் நன்றாகவே செய்யப்பட்டிருக்கின்றன, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அசலைப் பார்க்க வேண்டுமென்றால் பெஷ் மெர்லுக்கும், சிறு ரயிலில் உள்ளே அழைத்துப்போகும் ரூஃபினியாக்குக்கும், நியோவுக்கும் போகலாம். மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் நியோ. உள்ளே மின்விளக்குகள் பொருத்தவில்லை, கையில் ஆளுக்கொரு விளக்கைக் கொடுத்து அந்த 800 மீட்டரையும் நடக்க விடுகிறார்கள். உள்ளே விடும் ஆட்கள் எண்ணிக்கை குறைவு, முன்பதிவு செய்துகொண்டு போங்கள், வழுக்காத செருப்பு போடுங்கள்.